ஜலதோஷம் பிடித்த பெட்டி

ஜோசப்பினுக்குக் குரல் போய்விட்டது என்று முதன்முதலில் சொன்னது யார் என்பதில், கந்தப்பளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கடைசி வரைக்கும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டால் அம்மாக்கண்ணு என்பார்கள். அம்மாக்கண்ணுவைக் கேட்டால், "நான் எதுக்குச் சொல்றேன்? அவ கோயில் வேற, எங்க கோயில் வேற" என்பாள். ஆனால் வரிசையாய்க் கட்டிய லயத்து அறைகளில் அவள் இருந்தது ஜோசப்பினுக்கு அடுத்த காம்பராவில். நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரையைத் தொடாத சுவர். அதற்கு மேலால் போய் வராத சங்கதி அந்த லயத்தில் எதுவும் இருந்ததில்லை.

டிரான்சிஸ்டர் ரேடியோ தோட்டத்துக்குள் வந்த புதிது அது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் ஒன்று இருந்தது. கிளாக்கரின் மனைவி அதைக் கைக்குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்.

ஜோசப்பின் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விடிந்ததும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்க்கும் கண்டாக்குக்குப் பயப்படாத பெண்கள்கூட ஜோசப்பினுக்குப் பயப்படுவார்கள். பிள்ளையின் மூக்கைத் துடைக்காமல் கொண்டுவந்தால் அவள் தாயின் மூக்கைப் பார்த்துப் பேசுவாள். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்பதற்கு லயத்துக்கொரு காரணம் உலவியது. அவளிடமே கேட்கத்தான் ஆளில்லை.

அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து பாட்டு. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவில், லூர்து மாதா கோயில் இருந்தது. மாசி மாதத் திருநாளில் மாதா சிலையான சுருபம் ஊர்வலம் போய்க் கோயிலுக்குத் திரும்பியதும் மாதா பாட்டு எடுப்பார்கள். அதன் முதல் அடியை ஒருவர் தனியாகப் பாட வேண்டும். இரண்டாவது அடியில்தான் சனம் சேரும். பல வருடங்களாக அந்த முதல் அடி ஜோசப்பினுடையது. வருடம் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கியவள், அந்த ஒரு அடிக்காக அரக்கு நிறச் சேலை கட்டி, தலையில் முக்காடிட்டு நிற்பாள். அப்போது அவளைப் பார்த்தால் தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணிகூட வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் போல இருக்கும்.

இந்தக் கதை நடந்த வருடத் திருநாளுக்கு முந்தின மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்துவிட்டு வந்தாள். உயிர் தப்பியது. குரல் இனிமை கெடாமல் வந்தது, ஆனால் சிறுத்துப்போய் வந்தது. முன்பு கோயில் வாசலைத் தாண்டிச் சவுக்கு மரங்கள் வரை போன குரல் இப்போது நடு வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் யேசுரட்ணம் நல்ல மனுசன். மனசு நோகும் சேதி சொல்லும்போது மட்டும் கூரையைப் பார்த்துப் பேசுவார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கணும்மா," என்றார், கூரையைப் பார்த்து. "றொசல்லப் பக்கத்திலேருந்தெல்லாம் சனம் வருது. கேக்காட்டி இந்த வருசம் டோரீன் டீச்சர் பாடட்டும். ஒனக்கும் ஓய்வு."

"எனக்கு யாரு ஓய்வு கேட்டா?" என்று மட்டும் ஜோசப்பின் கேட்டாள்.

டோரீன் டீச்சர் அட்டன் பக்கத்திலிருந்து தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். குதியுயர்ந்த சப்பாத்தோடு தேயிலைமலைப் பாதையில் நடந்து, வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் அதே சப்பாத்தோடு நடந்தவள். அவள் குரல் எப்படியென்றால், பள்ளிக்கூட வாசலில் நின்று வருகைப் பெயர் கூப்பிட்டால் அடுத்த மலையில் ஒளிந்திருக்கும் பையன் "ஆஜர்" என்பான்.

இந்த இடத்தில்தான் ஜோசப்பினின் தம்பி கஸ்பர் உள்ளே வருகிறான்.

கஸ்பருக்கு ஸ்டோரில் இஞ்சின் அறையில் வேலை. அவனுக்கு வயர் என்றால் உயிர். நுவரெலியாச் சந்தையில் பழைய பேப்பர்க் கடையில் ஓர் ஆங்கில ரேடியோப் புத்தகம் எடுத்து வந்திருந்தான். அதில் டிரான்சிஸ்டரால் ஒலிபெருக்கி செய்யும் படம் இருந்தது. கோயிலில் கரண்ட் கிடையாது. திருநாளுக்கு டவுனிலிருந்து வரும் பழைய வால்வு ஒலிபெருக்கியோடு கார் பற்றரியை மேட்டில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்; சென்ற வருடம் அந்த இரண்டு ஆளும் நடுவழியில் சண்டை போட்டு இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். கஸ்பரின் பெட்டிக்கு டோர்ச் பற்றரிகள் போதும்.

"அக்கா, நீ முணுமுணுத்தாக்கூட சவுக்குத் தோப்புல கேக்கும். நான் பொறுப்பு," என்றான்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு செய்தான். டவுனில் எங்கிருந்தோ ஊமத்தம்பூ போல வாய் விரிந்த ஒரு குழாயும் மைக்கும் கொண்டுவந்தான். லயத்தில் கரண்ட் இல்லாததால் ஈயம் பற்றவைக்கிற இரும்பை அடுப்பில்தான் பழுக்கக் காய்ச்ச வேண்டும். ஆகவே வேலை முழுவதும் அடுப்படியில் நடந்தது. ஒரு பக்கம் ரொட்டி, ஒரு பக்கம் ஈயம். எது எதில் விழுந்தது என்பது சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

டிரான்சிஸ்டர் என்பது மூன்று கால் உள்ள, கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். குரல் வராத நேரத்திலும் அதனூடே கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றிப் போட்டு அந்த அளவைப் பிடிக்க வேண்டும். கஸ்பர் அடுப்புக்கு முன்னால் குந்தி ஒன்றைக் கழற்றுவான், வேறொன்றைப் போடுவான், "பாடுக்கா" என்பான். ஜோசப்பின் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே பாடுவாள். படத்தில் கூடுதலாக இரண்டு ரெசிஸ்டர்கள் இருந்தன. அவற்றைப் போட்டால் சத்தம் கொஞ்சம் இறங்கியது. "வெள்ளைக்காரன் தேவையில்லாததெல்லாம் போட்டு வச்சிருக்கான், சத்தத்தத் திங்கிறதுக்கு," என்று கஸ்பர் அந்த இரண்டையும் விட்டுவிட்டான். அக்காவின் குரலை ஊருக்குக் கேட்கப் பண்ணுவது அவன் நோக்கம். அதில் கொஞ்சம் தன் பேரும் கேட்கட்டுமே என்ற ஆசை.

கடைசியில் ஓர் அந்தியில் அளவு பிடிபட்டது. அந்தக் குழாயிலிருந்து வந்த குரலைக் கேட்டு லயமே வாசலுக்கு வந்தது. அம்மாக்கண்ணு கையில் அகப்பையோடு வந்து நின்று, "ஏ புள்ள, நீயா பாடுற? தேன் ஊத்துன மாதிரியில்ல இருக்கு!" என்றாள். அவள் வாயால் இப்படி ஒரு சொல் வாங்கியவர்கள் அந்த லயத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செபத்துக்குப் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்து மாசி விடியல்களை நினைத்தால் இப்போதும் விரல் நுனி விறைக்கும். தேயிலைச் செடி ஒவ்வொன்றும் உப்புத் தூவினாற்போல வெள்ளையாக நிற்கும். பீலித் தண்ணீர் கையில் பட்டால் கை எங்கே என்று தேட வேண்டும். கம்பளிக்குள் கம்பளியாக ஆட்கள் மேடேறி வர, யார் ஆண் யார் பெண் என்பது இருமினால்தான் தெரியும். கோயிலுக்குள் மூச்சு விட்டால் அது முன்னால் போய் நின்று திரும்பிப் பார்க்கும்.

ஜோசப்பின் மைக்குக்கு முன்னால் நின்று வாய் திறந்தாள். குழாயிலிருந்து வந்தது தகரத்தை ஆணியால் கீறும் சத்தம். சொற்கள் அரைகுறையாக, கிழிந்து, கரகரத்து வந்தன. முன் வரிசைப் பிள்ளை ஒன்று அழ ஆரம்பித்தது. ஜோசப்பின் பாதியில் நிறுத்தினாள். பெட்டியின் சுவிட்சை மூடிவிட்டுச் செபத்தை முடித்தார்கள்.

உபதேசியார் கூரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் கஸ்பர் ஒரு வார்த்தை சொன்னான். அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. "பெட்டி சரியாத்தான்க்கா இருக்கு. முந்தாநாளு நீயே கேட்டியே. ஒன் தொண்டதான்... காலையில எழும்பல போல."

ஜோசப்பின் வீட்டுக்குப் போனதும் கசாயத்துக்கு உரலை எடுத்தாள். அன்றைக்கு மல்லியும் மிளகும் இடிக்கும் சத்தம் சுவருக்கு மேலால் போனது. அம்மாக்கண்ணு கேட்டாள், அந்திக்குள் பீலிக்கரை கேட்டது. "ஆஸ்பத்திரியில கொரலையும் வாங்கி வச்சுக்கிட்டாங்களாம்" என்று ஒருத்தி. "திஷ்டிதான், வேற என்னா" என்று இன்னொருத்தி. ஊர் அவளுக்காக உண்மையாகவே வருந்தியது. வருந்திக்கொண்டே இரண்டு நாள் அதைப் பற்றி மட்டும் பேசியது.

கசாயம் குடித்தும் மனசு ஆறாத ஜோசப்பின், திங்கட்கிழமை பெட்டியைப் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தொண்டையைப் பழக்க வேறு இடம் ஏது? தொட்டில்களுக்கு நடுவில் பெட்டியை வைத்துத் தாலாட்டு எடுத்தாள். குளிர் விடாத வேளை. குழாய் கீறியது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஒரே குரலில் அலறின. பெட்டியை மூடிவிட்டு வெறும் வாயால் பாடினாள், பிள்ளைகள் அடங்கின. அதே பாட்டு, அதே தொண்டை.

அவள் கைவேலையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

வெயில் ஏறித் தகரக் கூரை சடசடத்ததும் மறுபடி திறந்து பாடினாள். தேன். பிள்ளைகள் ஒன்றுகூட முனகவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை தன் உதவிக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்து, ஸ்டோருக்கு நடந்தாள். இஞ்சின் அறை வாசலில் நின்று, இரைச்சலுக்கு மேலால் கத்தினாள்:

"டேய் கஸ்பர்! என் தொண்டைக்கு ஒண்ணுமில்லடா! ஒன் பெட்டிக்குத்தான் ஜலதோஷம்!"

"பெட்டிக்கு ஏதுக்கா ஜலதோஷம்? அது என்னா புள்ளயா?" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு எண்ணெய்க் கையோடு உள்ளே போய்விட்டான்.

அந்தச் சிரிப்புத்தான் அவளை அடுத்த காரியத்தைத் தனியாகச் செய்யவைத்தது. குளிர்பட்ட பிள்ளையை என்ன செய்வார்கள்? மலையில் பிறந்த எவருக்கும் அதற்கு ஒரே பதில்தான். அடுத்த ஞாயிறு விடியுமுன்னே தன் கறுப்புக் கம்பளியை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, பெட்டியைச் சுற்றிக் கழுத்து வரைக்கும் போர்த்தி, மேட்டில் ஏறினாள். திருநாளுக்கு முந்தின ஞாயிறு அது. உபதேசியார் முடிவு சொல்லவேண்டிய நாள்.

கஸ்பர் கம்பளியைப் பார்த்தான். குளிரில் அவனுக்கும் வாயைத் திறக்கச் சோம்பல், விட்டுவிட்டான்.

முதல் பாட்டு அடுப்படியில் கேட்ட அதே குரலோடு வந்தது. கடைசி வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். டோரீன் டீச்சர் ஹார்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கி ஜோசப்பினைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது பாட்டு இன்னும் பலமாக வந்தது. ஜோசப்பின் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மூன்றாவது பாட்டில் குரல் தடித்தது. யாரோ போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல. பிறகு தடிப்பு உறுமலாகி, உறுமல் முனகலாகி, "களுக்" என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் நின்றது. கஸ்பர் ஓடிவந்து கம்பளிக்குள் கைவிட்டுப் பார்த்தான். சுட்ட கிழங்கைத் தொட்டவன் போலக் கையை உதறினான்.

"டீச்சர் தயாராகிக்கட்டும்," என்றார் உபதேசியார். இந்த முறை அவர் கூரையைப் பார்க்கவில்லை. ஜோசப்பினையே பார்த்துச் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அன்று பகல் முழுவதும் பெட்டி பிரிந்து கிடந்தது. அடுப்பில் தேத்தண்ணி கொதித்து வற்றியது. கஸ்பர் புத்தகத்தை விரித்துவைத்து விரலால் படத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். அந்திக்குச் சற்று முன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, நீ சொன்னது சரிதான். இதுக்குக் குளிரும் ஆகாது, சூடும் ஆகாது."

"ஒன் தொண்டதான்னு சொன்னியே, அதுக்கு?"

"அது... என் வாய்க்கொழுப்புக்கா. கேளு. பாட்டு மேலயும் போகும் கீழயும் வரும். டிரான்சிஸ்டர் சும்மா இருக்கிறப்ப ஓடுற மின்சாரம் நடுவுல நின்னாத்தான் ரெண்டு பக்கமும் எடம் இருக்கும். நான் அடுப்பு முன்னால ஒக்காந்து நடுவப் புடிச்சேன். கோயில் குளிர்ல அது கீழ எறங்கிருச்சு. பாட்டு தரையில இடிச்சுக் கிழிஞ்சுது. நீ கம்பளி போத்துன. சூடு ஏற மின்சாரம் ஏறும், மின்சாரம் ஏறச் சூடு இன்னும் ஏறும். கம்பளிக்குள்ள அது வெளிய போக வழியே இல்ல. தலை கூரையில இடிச்சு, தானே வெந்துபோச்சு."

"பச்சப்புள்ளையும் அப்புடித்தான். அளவுக்கு மேல போத்துனா காய்ச்சல் ஏறும்," என்றாள் ஜோசப்பின். "அப்ப நடுவுல நிக்க என்னாதான் வழி?"

அவன் கொஞ்சம் வெட்கத்தோடு அந்த இரண்டு ரெசிஸ்டர்களை எடுத்துக் காட்டினான். "நான் போடாம விட்டது இந்த ரெண்டுதான். ஒண்ணு பேஸ்ங்கிற கால ஒரே மட்டத்துல புடிச்சிருக்கும். மத்தது எமிட்டர்ங்கிற காலுல. மின்சாரம் கூடப் பாத்தா, இது 'போதும், நில்லு'ன்னு பின்னால இழுக்கும். கொறைஞ்சா பிடிய விட்டுரும். ஆனா சத்தம் முந்தி மாதிரி இருக்காதுக்கா. கொஞ்சம் எறங்கும்."

"எறங்கட்டும். சொல் ஒடையாம வந்தாச் சரி."

வெந்துபோனதற்குப் பதில் இன்னொரு டிரான்சிஸ்டர் டவுனிலிருந்து வந்தது. சூடு பரவ ஜோசப்பினின் அலுமினியச் சட்டி மூடியை வெட்டி, டிரான்சிஸ்டரை அதில் இறுக்கிப் பொருத்தினான். அன்றிலிருந்து அந்த வீட்டுக் குழம்பில் கரி விழுந்தது. புகார் சொல்ல வழியில்லை. பிறகு பெட்டியை விடியலில் பனியில் வைத்துப் பாடவைத்தான். அடுப்படியில் வைத்துப் பாடவைத்தான். நடுப்பகலில் தகரக் கூரையின் கீழும் பாடவைத்தான். மூன்று இடத்திலும் ஒரே குரல். அதைக் கேட்க வந்த அம்மாக்கண்ணு, "முந்தி தேன் ஊத்துச்சு. இப்ப தேன்ல தண்ணி கலந்துட்டான் ஒன் தம்பி," என்றாள். "ஆனா ஒடம்புக்கு இதுதான் நல்லது."

திருநாளுக்கு முதல் நாள் அதிகாலை உபதேசியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். டோரீன் டீச்சரும் வந்தாள், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. ஜோசப்பின் அந்த முதல் அடியைப் பாடினாள். வழக்கமான சுருதியில், உச்சியில் எடுத்தாள். குழாய் உண்மையைச் சொன்னது: உடையவில்லை, கிழியவில்லை, ஆனால் மேலே போகும் இடத்தில் குரல் மூச்சுக்குத் தவித்தது. இது பெட்டியின் தவிப்பு இல்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

ஜோசப்பின் பெட்டியைப் பார்த்தாள், கஸ்பரைப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் திரும்பினாள்.

"டீச்சர், ஹார்மோனியத்துல ரெண்டு கட்ட எறக்கிப் புடிங்க."

"எறக்கவா? அக்கா, இது நீங்க எப்பவும் பாடுற சுருதி. எறக்கினா எடுப்பா இருக்காதே."

"எடுப்பா நின்னுதான் இவ்வளவு நாளும் பாடினேன். இப்ப எனக்கு அங்க எடமில்ல. நடுவுல நிக்கிறேன்."

டோரீன் கட்டையை மாற்றினாள். ஜோசப்பின் மறுபடி பாடினாள். உபதேசியார் கடைசி வரிசையிலிருந்து எழுந்து முன்னுக்கு வந்தார். "கேக்குதும்மா," என்றார். அவ்வளவுதான். டோரீன் டீச்சர் ஹார்மோனியத்தின் மூடியைத் தட்டி, "பின்ன என்னங்கய்யா, நான் பாடினா சனத்துக்குக் காது வலிக்கும். அக்காவே பாடட்டும்," என்றாள். அவளுடைய சப்பாத்தைப் பற்றி அது வரை பேசிய எல்லாவற்றையும் ஊர் அன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது.

திருநாள் அன்று கோயில் கொள்ளாமல் சனம். சுருபம் மேடேறி வந்தது. மெழுகுதிரிகள் காற்றில் சாய்ந்தன. கம்பளி வாசமும் சாமந்தி வாசமும் சாம்பிராணியும் ஒன்றாய்க் கலந்து நின்றன. அம்மாக்கண்ணு வாசற்படியில், "சும்மா பாக்க வந்தேன்" என்கிற முகத்தோடு.

ஜோசப்பின் முதல் அடியை எடுத்தாள். பெரிய சத்தமில்லை. கேட்க வேண்டுமென்றால் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது, ஆகவே நிறுத்தினார்கள். வாசலில் நின்றவர்கள்கூட ஒவ்வொரு சொல்லும் கேட்டதாகப் பிறகு சத்தியம் பண்ணினார்கள். குளிர் அப்படியே இருந்தது, திரிகளின் சூடு ஏறிக்கொண்டிருந்தது, குரல் இருந்த இடத்தில் இருந்தது.

இரண்டாவது அடியில் சனம் சேரவேண்டும். வழக்கமாக ஆண்கள் வாயை அசைப்பார்கள். ஜோசப்பினின் பழைய சுருதிக்கு எந்த ஆண்பிள்ளையும் எட்டியதில்லை. பெண்களிலும் பாதிப் பேர் எட்டாமல் இருமிச் சமாளிப்பார்கள். அன்றைக்குச் சுருதி அவர்கள் தொண்டைக்கு வந்து நின்றது. முதலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கித் தொடங்கினார். அப்புறம் கொழுந்துப் பெண்கள். அப்புறம் ஸ்டோர் ஆட்கள். கண்டாக்கும் பாடினார் என்கிறார்கள். கோயிலுக்குள் இருந்தது வாசலுக்குப் போய், வாசலிலிருந்து மேடு முழுவதும் இறங்கியது. கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஜோசப்பினுக்குத் தன் குரல் கேட்கவில்லை. பெட்டியும் கேட்கவில்லை. இத்தனை பாடு பட்டு வாங்கிய மைக்குக்கு முன்னால் நின்று, அவள் பாடுகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தில் கொஞ்சம் கோபம் வந்ததை முன் வரிசையில் இருந்தவர்கள் கண்டார்கள். "என்னோட பாட்டுடா இது" என்று சொல்லும் கோபம்.

மூன்றாவது அடியில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவ்வளவு வருடமும் அந்தப் பாட்டைப் பாடியவள் அதை அதுவரை கேட்டதே இல்லை. இப்போது நின்று கேட்டாள். பிறகு வந்த வருடங்களில் அந்தக் குரல்களில் பாதி, ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று எழுதப்பட்டு, இராமேஸ்வரம் கப்பலேறிப் போயின. சில கலவரத்துக்குத் தப்பி வன்னிக் காடுகளுக்குப் போயின. சில கோயிலடியிலேயே மண்ணுக்குள் போயின. யார் யார் எங்கே நின்று எந்தச் சொல்லை இழுத்துப் பாடினார்கள் என்று ஜோசப்பினைக் கேட்டால், ஒவ்வொருவர் பேரும் சொல்வாள்.